தங்கச்சி பங்கு

அத்தியாயம் 11

வாய்க்கால் கரையில் தலைசுற்றி விழுந்த தேவயானியை அப்படியே போட்டுவிட்டு நாம் ஒரு வாரம் நம் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். நல்லவேளை, அவள் புல்லின் மேல்தான் விழுந்தாள். ஏலக்காய் எஸ்டேட் ஜீப்புக்காக ரோட்டோரம் காத்திருந்த பெண்கள் ஓடி வந்து முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். கண் திறந்ததும் ஒருத்தி தன் தூக்குவாளியில் இருந்த கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தாள். நாலு நாளாகச் சோறு காணாத வயிறு அது. கஞ்சி உள்ளே இறங்கிய பிறகுதான் எதிரே நிற்பது மலையா மேகமா என்று அவளுக்குப் புரிந்தது.

அவள் பட்டினி கிடந்தது விரதத்துக்காக அல்ல. கம்பத்தில் வாழைத்தார் வியாபாரம் பார்க்கும் அவளுடைய அண்ணன் ஈஸ்வரபாண்டிக்கு ஈரல் சுருங்கிப் போயிருந்தது. ஒரு சொட்டுச் சாராயம் தொட்டறியாத மனிதர். கடையில் உட்கார்ந்த இடம், ராத்திரி தவறாமல் பரோட்டா, கவனிக்காமல் விட்ட சர்க்கரை. வயிற்றில் சேர்ந்த கொழுப்பு ஈரலிலும் சேர்ந்து, அதைக் கல்லாக்கிவிட்டது. ஊர் இதை நம்பவில்லை. குடித்துத்தான் கெட்டார் என்று பேசியது. ரத்த உறவில் ஒருவர் தம் ஈரலில் ஒரு பங்கைக் கொடுத்தால் பிழைப்பார் என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டார். அது தேவயானிதான் என்று ஆயிற்று. ஆனால் அவள் ஈரலும் அண்ணன் ஈரல் போன வழியில் பாதி தூரம் போயிருந்தது. உடம்பைக் குறைத்துவிட்டு வாருங்கள், அவசரப்படாமல், சாப்பிட்டுக்கொண்டே குறையுங்கள் என்று சொல்லித் தை மாதம் திருப்பி அனுப்பினார்கள்.

இப்போது ஆடி பிறந்துவிட்டது. இன்று தேனியில் அவளுக்கு ஸ்கேன்.

விடிவதற்கு முன்னால் அவளுக்கு ஒரு கனவு வந்தது. திராட்சைப் பந்தலுக்கு மேலே அவள் நடந்துகொண்டிருந்தாள். கீழே அல்ல, மேலே. இலைகளின் மேல் பாதம் படப்படக் கம்பிகள் லேசாக ஆடின. ஒரு இலையும் கிழியவில்லை. கூடலூர்ப் பக்கத்து மலையிலிருந்து சாரல் இறங்கி வந்து அவள் முகத்தில் பட்டது. இவ்வளவு லேசாக இருக்கிறோமே, காற்று தூக்கிப் போய்விடுமோ என்று நினைத்தபோதே விழிப்பு வந்துவிட்டது.

வாசலில் அவள் கணவர் பாண்டியராஜன் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றிருந்தார். அவள் விழுந்த நாளுக்கு மறுநாளிலிருந்து அவரும் நடக்க வருகிறார். கூப்பிடவும் இல்லை, வருகிறேன் என்று சொல்லவும் இல்லை. இவள் முன்னால் போவாள். அவர் கொஞ்சம் பின்னால் வருவார். பேச்சு இருக்காது.

அவர்கள் ஊர் காமயகவுண்டன்பட்டியைத் தாண்டினால் வாய்க்கால் கரை. தை மாதம் இந்தக் கரையில் ஏறுவதற்குள் தேவயானி மூச்சு வாங்கி, இடுப்பில் கை ஊன்றி நின்றுவிடுவாள். தன் காலடிச் சத்தம் தனக்கே கேட்டு வெட்கமாக இருக்கும். மாடு நடப்பது போல என்று அவளே சிரித்துக்கொள்வாள். இப்போது அந்தச் சத்தம் இல்லை. தண்ணீர் ஓடுவதும் தென்னை மட்டைகள் உரசிக்கொள்வதும்தான் கேட்டன. மணிக்கட்டில் இறுகிக் கிடந்த வளையல், கையை உயர்த்தினால் முழங்கைப் பக்கம் ஓடுகிறது. ரவிக்கைகளை எல்லாம் இரண்டு முறை பிடித்துத் தைத்தாகிவிட்டது.

சாப்பாட்டை மாற்றியது பெரிய காரியமாகத் தெரிந்ததே ஆரம்பத்தில்தான். தட்டில் சோறு மலையாக இருந்த இடத்தில் கீரையும் காயும் ஏறின. சோறு ஓரத்துக்குப் போனது. டீயில் சீனி போயிற்று. சாயங்காலம் வடை போய்ச் சுண்டல் வந்தது. ராத்திரிச் சாப்பாடு விளக்கு வைத்த கையோடு முடிந்துவிடும். இப்படியே மாசம் மாசமாக உடம்பு சொன்ன பேச்சைக் கேட்டுக் குறைந்துகொண்டுதான் வந்தது. போன வாரம்தான் அவளுக்குப் பொறுமை போயிற்று. ஏன் போயிற்று என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

பட்டினி கிடந்த விஷயம் தெரிந்ததும் மதுரை ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு முறை சொல்லித்தரும் ஞானபாக்கியம் போனிலேயே கடிந்துகொண்டார். பட்டினி போட்டால் உடம்பு பயந்துபோய் இருக்கிற கொழுப்பை எல்லாம் ஈரலுக்கு அனுப்பும், இத்தனை மாசம் செய்ததைப் பட்டினியே கெடுத்துவிடும் என்றார். ஸ்கேனை ஒரு வாரம் தள்ளி வைத்ததும் அவர்தான். அந்த ஒரு வாரமும் தேவயானி ஒழுங்காகச் சாப்பிட்டாள். ஆனால் ஒவ்வொரு வாய்க்கும், கெடுத்துவிட்டேனோ, கெடுத்துவிட்டேனோ என்று உள்ளே ஒன்று கேட்டுக்கொண்டே இருந்தது.

அண்ணனுக்குக் கண் மஞ்சள் ஏறிக்கொண்டே போகிறது. இன்னொரு தை வரைக்கும் அவர் காத்திருக்க முடியாது.

தோட்டத்தில் அன்று திராட்சை வெட்டு. பாண்டியராஜன் அவளைத் தேனி பஸ்ஸில் ஏற்றிவிட்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி சற்று நேரம் நின்றார். சாயங்காலம் கம்பத்துக்கு வந்து கூட்டிப் போகிறேன் என்று மட்டும் சொன்னார்.

ஸ்கேன் நிலையத்தின் பெஞ்சில் மதினி பாண்டீஸ்வரி ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் டிபன் கேரியர். ஈஸ்வரபாண்டியின் மனைவி அவள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நாத்தனாரிடம் அளந்துதான் பேசுவாள். நல்ல நாளுக்கு வந்தால் வா என்பாள், போகும்போது போயிட்டு வா என்பாள். இன்று அவள் வருவதாகப் பேச்சே இல்லை. ஒரு ஆளுக்கு மட்டும் இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

உள்ளே கூப்பிட்டார்கள்.

படுக்க வைத்து, வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். விலாவில் குளுகுளுவென்று ஏதோ தடவினார்கள். பிறகு ஒரு கருவியை அங்கே வைத்து அழுத்த, உள்ளே யாரோ விரலால் சுண்டுவது போல இருந்தது. மறுபடி ஒரு சுண்டு. மறுபடி ஒன்று. வலி இல்லை. வீட்டுக் கதவை அக்கம்பக்கத்தார் நாசூக்காகத் தட்டுவது போலத்தான் இருந்தது.

தேவயானி கண்ணை மூடிக்கொண்டாள். அறை குளிர்ந்து கிடந்தது. அவளுக்குப் பெரியாற்றுத் தண்ணீரில் மல்லாந்து மிதப்பது போல இருந்தது. இரண்டு கரையிலும் வயல் பச்சையாக நகர்ந்துபோயிற்று. நெஞ்சுக்குக் கீழே, வலப்பக்கம், இத்தனை வருஷமாக இருக்கிறது என்றுகூட நினைக்காத ஒன்று, இருட்டில் தன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருப்பதை முதல்முறையாக உணர்ந்தாள். நீ எப்படி இருக்கிறாய் என்று அதனிடம் கேட்கத் தோன்றியது. பட்டினி போட்டதற்குக் கோபித்துக்கொள்ளாதே என்று சொல்லத் தோன்றியது. ஆறு அவளை எங்கேயோ கொண்டுபோய்க்கொண்டிருந்தது. போகிற இடத்தில் அண்ணன் கரையில் நின்று கை நீட்டுவார் என்று நினைத்தாள். ஆனால் கரையில் யாரும் இல்லை.

முடிந்தது, எழுந்துக்கங்க என்று குரல் வந்ததும்தான், தான் எங்கே படுத்திருக்கிறோம் என்று நினைவு வந்தது.

ரிசல்ட்டை மதுரைக்கு அனுப்பிவிட்டு, அங்கிருந்து டாக்டரே பேசுவார், வெளியே இருங்கள் என்றார்கள். பெஞ்சுக்கு வந்தபோது பாண்டீஸ்வரி கேரியரைப் பிரித்து வைத்திருந்தாள். பாசிப்பயற்றுத் தோசை, முருங்கைக்கீரைப் பொரியல், அவித்த முட்டை. எண்ணெய் மினுங்கவில்லை. ஞானபாக்கியத்திடம் கேட்டுக்கேட்டுச் செய்தது போல இருந்தது. கேட்டுத்தான் செய்திருக்கிறாள் என்பது பிறகு தெரிந்தது.

தேவயானி கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். சாப்பிடத் தொடங்கவில்லை.

பாண்டீஸ்வரி தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “அன்னைக்கு நான் எங்கக்காகிட்ட போன்ல பேசிக்கிட்டு இருந்தப்ப, நீ வாசல்ல நின்ன. அப்புறந்தான் பாத்தேன். நீ கேட்டுட்டேன்னு எனக்குத் தெரியும்.”

தேவயானி கேட்டதுதான். இவள் உடம்பு வத்துவதற்குள் அந்த மனுசன் போய்ச் சேர்ந்துவிடுவார் என்று மதினி சொன்னதை, கதவுக்கு இந்தப் பக்கம் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டாள். அப்படியே செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பி பஸ் ஏறிவிட்டாள். அன்று ராத்திரியிலிருந்து அவள் தட்டைத் தொடவில்லை.

“நெசத்தைத்தான சொன்னீக மதினி” என்றாள்.

“நெசமோ என்னமோ. பயத்துல வந்த பேச்சு அது. ராத்திரி பூரா அவுக மூச்சு வருதா வருதான்னு பாத்துக்கிட்டே கெடக்கவளுக்கு வாயில நல்ல வார்த்தை எங்கன வரும்?” பாண்டீஸ்வரியின் குரல் சற்று இறங்கியது. “நீ விழுந்துட்டேன்னு சொன்னாக. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அவுகளையும் குடுத்து, ஒன்னையும் குடுத்துட்டு, நான் யாரு மொகத்துல போயி முழிப்பேன்? சாப்பிடு மொதல்ல.”

தேவயானி சாப்பிட்டாள். கீரையில் தேங்காய் கொஞ்சமாக, உப்பு அளவாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்ல நினைத்தாள். சொல்வதற்குப் பதில் இன்னொரு தோசைக்குக் கையை நீட்டினாள். அதுவே போதுமாக இருந்தது பாண்டீஸ்வரிக்கு. முதல்முறையாக நாத்தனாரை நிமிர்ந்து பார்த்து, முகம் ரொம்பத்தான் சின்னதாகிப் போச்சு என்றாள். அவளும் இப்போது சாயங்காலம் மாடியில் நடக்கிறாளாம். வீட்டில் எல்லோருக்கும் ஒரே சமையல்தானாம். ராத்திரி பரோட்டா வாங்குவது நின்று போய், கடைக்காரர் ஆள் விட்டு விசாரித்தாராம். அதைச் சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சாப்பிட்டு முடித்துக் கேரியரை அடுக்கும்போது மதுரையிலிருந்து போன் வந்தது. இரண்டு பெண்களும் ஒரே போனில் காதை வைத்துக் கேட்டார்கள்.

ஈரலில் கொழுப்பு வெகுவாகக் குறைந்திருக்கிறது என்றார் டாக்டர். பட்டினியால் கெட்டது எதுவும் இல்லை, உடனே சரிசெய்துகொண்டதால் தப்பித்தீர்கள் என்றார். அண்ணனுக்காக இளைத்தீர்கள், ஆனால் முதலில் பிழைத்தது நீங்கள்தான், இப்படியே விட்டிருந்தால் சில வருஷத்தில் அவர் இருக்கிற படுக்கையில் நீங்கள் இருந்திருப்பீர்கள் என்றும் சொன்னார். திங்கட்கிழமை மதுரைக்கு வரவேண்டும். இன்னும் சில சோதனைகள் உண்டு. வரும்போது வீட்டுக்காரரையும் அழைத்து வரவேண்டும், அவர் மனசார ஒத்துக்கொள்ளாமல் நாங்கள் கத்தியைத் தொடுவதில்லை என்று முடித்தார்.

கடைசி வார்த்தைகளைத் தேவயானி சரியாகக் காதில் வாங்கவில்லை. குறைந்திருக்கிறது என்ற சொல்லே அவளுக்குள் திரும்பத் திரும்ப ஒலித்துக்கொண்டிருந்தது.

கம்பம் பஸ்ஸில் இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தார்கள். வீரபாண்டி தாண்டியதும் பாண்டீஸ்வரி நாத்தனார் தோளில் சாய்ந்து உறங்கிவிட்டாள். எத்தனை ராத்திரி உறக்கமோ. சின்னமனூர், உத்தமபாளையம் என்று ஊர்கள் வந்து வந்து போயின. இரண்டு பக்கமும் மலை கூடவே வந்தது. ஒரு பக்கத்து மலையில் மேகம் பாலாடை போலப் படிந்து கிடந்தது. இன்னொரு பக்கம் வெயில். நடுவில் வாழையும் நெல்லும் தென்னையுமாகப் பள்ளத்தாக்கு பச்சையாக விரிந்திருந்தது. மதினியின் தலை கனத்தது. தேவயானி அசையவே இல்லை. காலையில் கண்ட கனவு இன்னும் முடியவில்லை போல அவளுக்கு இருந்தது. பஸ் தரையில் ஓடவில்லை, இலைகளுக்கு மேலேதான் போகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

ஈஸ்வரபாண்டி வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கையும் காலும் குச்சியாகி, வயிறு மட்டும் முன்னால் நின்றது. தெருமுனையில் இரண்டு பெண்கள் வருவதைப் பார்த்துக் கண்ணை இடுக்கினார்.

“பாண்டீஸ்வரி, கூட யாரு? கயலு லீவுல வந்திருக்காளா?”

கயல், தேவயானியின் மகள். கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். தேவயானி கிட்டே வந்து, நான்தான் அண்ணே என்றதும் ஈஸ்வரபாண்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். வளையலை முழங்கை வரை தள்ளிப் பார்த்தார். சின்ன வயசில் தெருவில் அவர் முன்னால் போனால் பின்னால் குண்டுப் பூசணி வருது என்று பிள்ளைகள் கேலி பேசிய தங்கச்சி அவள். அந்தப் பிள்ளைகளை விரட்டி விரட்டி அடித்தவரும் அவர்தான்.

டாக்டர் சொன்னதைப் பாண்டீஸ்வரியே சொன்னாள். தான் பேசிய பேச்சையும் மறைக்காமல் சொல்லிவிட்டாள். ஈஸ்வரபாண்டி மனைவியையும் தங்கச்சியையும் மாறி மாறிப் பார்த்தார். மஞ்சள் கண்களில் நீர் கோத்துக்கொண்டது.

“அவனவன் தங்கச்சி பங்கு கேட்டு வர்றாளேன்னு பயப்படுறான். எந்தங்கச்சி பங்கு குடுக்க வந்திருக்கா” என்றார். பிறகு சாப்பிட்டாயா என்று கேட்டார். சாப்பிட்டேன் அண்ணே, மதினி கொண்டு வந்தாக என்றாள். சாப்பிட்டதை எல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். அதைக் கேட்கக் கேட்கத்தான் அவர் முகம் தெளிந்தது.

பொழுது சாயும்போது பாண்டியராஜன் பைக்கில் வந்தார். மாப்பிள்ளையைப் பார்த்ததும் ஈஸ்வரபாண்டி மரியாதைக்கு எழுந்திருக்கப் போனார். பாண்டியராஜன் விரைந்து வந்து தோளைப் பிடித்து உட்கார வைத்தார். சேதியைக் கேட்டார். சரி என்றார். சீனி போடாத டீயைக் குடித்தார். திங்கட்கிழமை பற்றி மச்சானும் பேசவில்லை, மாப்பிள்ளையும் பேசவில்லை. போகலாமா என்று எழுந்துவிட்டார்.

கம்பத்தைத் தாண்டியதும் சாரல் பிடித்துக்கொண்டது. மழை இல்லை. முகத்தில் யாரோ ஈரத்துணியால் ஒற்றி எடுப்பது போல இருந்தது. திராட்சைத் தோட்டங்கள் தொடங்கும் இடத்தில் பாண்டியராஜன் வண்டியை ஓரம் கட்டினார். எஞ்சினை நிறுத்தவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

“ஒடம்பு கொறஞ்சது சந்தோசம். ஆனா ஒன்னயக் கத்திக்குக் குடுக்க நான் இன்னும் சரின்னு சொல்லல, தேவி.”

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் வண்டியிலிருந்து இறங்கி அவர் முன்னால் வந்து நின்றாள். “அப்ப எதுக்குத் தெனமும் எங்கூட நடந்தீக?”

“நீ நல்லாருக்கணும்னு நடந்தேன். மச்சானுக்காக நடக்கல.”

சாரல் அவர் தலைமயிரில் பொடிப்பொடியாக உட்கார்ந்திருந்தது. அதைக் கையால் துடைத்துக்கொண்டே சொன்னார். “அன்னைக்கு விழுந்து கெடந்தேல்ல. சேதி கேட்டு ஓடியாந்து, கரையில இருந்து ஆட்டோ வரைக்கும் நாந்தான் தூக்கிட்டு வந்தேன். கல்யாணத்தன்னைக்குக்கூட ஒன்னயத் தூக்க எனக்குத் தெம்பு இருந்ததில்ல. அன்னைக்குத் தூக்க முடிஞ்சிருச்சு. அதான் எனக்குப் பயம்.”

தேவயானி இத்தனை மாசமாக லேசாவதையே கனவு கண்டாள். அந்த லேசு இன்னொருத்தர் கையில் எப்படி இருந்திருக்கும் என்று அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை. கோபப்பட வேண்டும் என்று தோன்றியது. கோபம் வரவில்லை. அண்ணனின் மஞ்சள் கண்ணும் இந்த மனுஷனின் நனைந்த தலையும் ஒன்றாக நினைவில் நின்றன.

அவள் நடக்கத் தொடங்கினாள். ஊருக்கு இன்னும் தூரம் இருந்தது. காலுக்கு அது ஒரு தூரமாகவே தெரியவில்லை. பாண்டியராஜன் அவளை ஏறச் சொல்லவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு, முன்விளக்கு எரிய வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அந்த வெளிச்சம் அவளைத் தாண்டி ரோட்டில் விழுந்தது. அதற்குள் சாரல் வெள்ளி நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. அந்த நூல்களுக்குள்ளேதான் நடந்து போகிறோம் என்று இருந்தது அவளுக்கு. காலையில் பின்னால் வந்தவர் இப்போது பக்கத்தில் வந்துகொண்டிருந்தார்.

“வெட்டிக் குடுத்தது மறுபடி வளந்துருமா?” என்று கேட்டார்.

“வளந்துரும்னு சொன்னாக. கொஞ்ச மாசத்துலயே முக்காவாசி வந்துருமாம்.”

பந்தல்களுக்குள் இருட்டு கூடியிருந்தது. காற்றில் பழுத்த திராட்சை வாசம் வந்தது.

“அது வந்துரும்” என்றார் பாண்டியராஜன். “நீ?”